கண்ணின் உட்கட்டியைக் கண்டறிந்த வரலாறு

உடலின் பிறவிடத்து எழுங் கட்டியை ஐயுறும் வைத்தியர், அதன் சிறு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துத் தீர்ப்புக் கூறுவர். கண்ணினுள் எழுங் கட்டிக்கு இவ்வழி எளிதன்று. குழந்தைகளின் விழித்திரைப் புற்றில் ஊசி பாய்ச்சின், அத்துளை வழியே நோய் வெளியே பரவுதல் கூடும். ஆகவே இங்குப் படமே சான்று. சான்று பிழைப்பின் இழக்கப்படுவது ஒரு கண்.

1809இல் ஸ்கொத்லாந்து வைத்தியர் ஜேம்ஸ் வாட்றொப் இக்குழந்தை நோயைத் தனி நோயெனப் பிரித்துரைத்து, கண்ணை அகற்றுதலே உயிர் காக்கும் வழியென்றார். உயிருள்ள கண்ணின் உட்புறத்தை அன்று எவருங் கண்டிலர். 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் ஆடிக்கருவியை வெளியிட்ட பின்னரே அது புலனாயிற்று. ஆயின், வில்லை மங்கினும், கழன்ற விழித்திரை மறைப்பினும் அக்கருவி பயன்படாது. தெளிவாய்ப் புலப்பட்டவிடத்தும் பிழை நேர்ந்தது. மெலனோமா என்னுங் கருநிறப் புற்றெனக் கருதி அகற்றப்பெற்ற கண்களை 1964இல் அமெரிக்காவில் ஃபெரி என்பார் ஆராய்ந்தபோது, ஏறத்தாழ ஐந்திலொன்றில் அப்புற்றே இல்லை. இதனைப் படித்த யான் நூலை மூடிச் சிறிதுநேரம் வாளாவிருந்தேன்.

மாற்றம் ஒலியால் வந்தது. கடலடிப் பொருளை எதிரொலியால் அறியும் முறையை 1956இல் முண்ட், ஹியூஸ் இருவருங் கண்கட்டிக்குப் பயன்படுத்தினர். 1958இல் பௌம், கிரீன்வுட் ஆகியோர் எதிரொலிகளைக் குறுக்குவெட்டுப் படமாக்கினர். செவிக்கெட்டாத கழியொலிக்கு மங்கிய வில்லை தடையன்று. கருநிறப் புற்றினுள் எதிரொலி தாழும். குழந்தைப் புற்றிலுள்ள கல்சியத் துகள்களோ அதனை வலிதாய்த் திருப்பித் தம் பின்னே நிழலிடும்.

1961இல் நொவொட்னி, அல்விஸ் என்போர் புளோரெசீன் சாயத்தைக் குருதியிற் செலுத்தி விழித்திரை நாளங்களைப் படம்பிடித்தனர். இருவரும் அன்று மருத்துவ மாணவர். கண்ணியற் சஞ்சிகை மறுத்த அவர்தங் கட்டுரையை இதயவியற் சஞ்சிகை ஒன்றே வெளியிட்டது. நம் மாணவர் இதனை நினைவிற் கொள்க. இம்முறைகள் ஒருங்கே கைவந்தபின், 1980களில் அமெரிக்காவில் தொடங்கிய பெரும் ஆய்விற் பிழை நூற்றுக்கு ஒன்றினுங் குறைந்தது.

மதுரையில் அரவிந்த் 1976இலும், சென்னையிற் சங்கர நேத்திராலயா 1978இலும் தோன்றித் தமிழர்க்கு இக்கலையை அண்மையிற் கொணர்ந்தன. ஆயினும் முதற்படம் வைத்தியசாலையில் எடுக்கப்படுவதன்று. மாத்தளையின் தோட்டத்து லயத்தில் இன்று கைத்தொலைபேசி உண்டு. அதன் மின்னொளியில் எடுத்த படத்தில் மழலையின் ஒரு கண்மணி செந்நிறமாகவும் மற்றையது வெண்மையாகவும் தோன்றின், தாய் அப்படத்துடன் கண்டிக்கோ கொழும்புக்கோ தாமதியாது செல்லல் வேண்டும். அவ்வெண்மை வெறுங் கண்புரையாயினும் ஆகலாம். அதனை அங்குக் கழியொலி பிரித்துக் காட்டும்.