37-ல் ஒன்று

மக்களே, 2004 டிசம்பர் கடைசி வாரம்னாலே நமக்கு ஞாபகம் வருவது சுனாமிதான். அதே வாரத்துல வானியல்காரர்கள் கையில் இன்னொரு கணக்கும் ஓடிக்கிட்டிருந்தது. 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை, முன்னூறு மீட்டருக்கு மேல் அகலமான ஒரு பாறை பூமி மேல மோதலாம். வாய்ப்பு 37-ல் ஒன்று!

அந்த வருஷம் ஜூன் 19, அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் கிட் பீக் மலை. டக்கர், தோலன், பெர்னார்டி மூணு பேரும் இந்தக் குறுங்கோளைக் கண்டுபிடிச்சாங்க. ரெண்டே ராத்திரிதான் பார்க்க முடிஞ்சது, அப்புறம் ஆள் எஸ்கேப். டிசம்பர் 18-ல் ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் மறுபடி சிக்கியது.

டேட்டா வர வர ஆபத்து குறையணும்தானே? எகிறிடுச்சு. 23-ம் தேதி சுமார் 300-ல் ஒன்று. 25-ல், 42-ல் ஒன்று. 27-ல், 37-ல் ஒன்று. பத்து வரை போகும் டொரினோ அளவுகோலில் 4. வேற எந்தக் கல்லும் அந்த 4-ஐ இதுவரை தொட்டதில்லை. 2029-ல் பாறை எங்கே இருக்கலாம்ங்கறதை ஒரு நீளமான பட்டைன்னு வெச்சுக்குங்க. அளவீடு கூடக் கூடப் பட்டை சுருங்கும். பூமி அதுக்குள்ளயே மாட்டிக்கிட்டு இருக்கிற வரை சதவீதம் ஏறும். பட்டைக்கு வெளியே போயிட்டா பூஜ்யம். அவ்ளோதான் மேட்டர்.

நடுவுல வந்தது 26. நம்ம நேரப்படி காலை 6.28-க்கு சுமத்ரா பக்கம் நிலம் நடுங்கியது. ரெண்டு மணி நேரத்துக்கும் மேல கழிச்சுத்தான் அலை நாகப்பட்டினம் கரைக்கு வந்தது. சொல்ல ஒரு ஆளில்லை. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வரும் கல்லுக்குக் கணக்கு இருந்தது. ரெண்டு மணி நேரத்துல வரும் அலைக்கு இல்லை. வானியல்காரர்கள் மேல தப்பில்லீங்க. ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட கற்களில் 90 சதவீதத்தைப் பத்து வருஷத்துல கண்டுபிடிக்கணும்னு 1998-லேயே நாசா இறங்கிடுச்சு. நம்ம கடலுக்கான எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் வந்தது 2007-ல். இதை எப்ப நினைச்சாலும் மனசு ஆற மாட்டேங்குது.

பாறைக் கதை 27-ம் தேதியே முடிஞ்சது. அதே கிட் பீக்கில் ஸ்பேஸ்வாட்ச்னு இன்னொரு குழு. அவங்க பழைய படங்களைக் கிளறினப்போ மார்ச் 15-ல் எடுத்த படத்துல இந்தக் கல் மங்கலா உட்கார்ந்திருந்தது! யாரும் கவனிக்காத அந்தப் புள்ளியால பட்டை சட்டுனு சுருங்க, 2029-ல் மோதல் இல்லைன்னு ஆச்சு. (பழைய பேக்கப் எதுக்குன்னு கேட்கும் மேனேஜர்கள் கவனிக்க :-))

கல்லுக்கு 2005-ல் அபோஃபிஸ்னு பேர் வெச்சாங்க. சூரியனோட மல்லுக்கட்டும் எகிப்தியப் பாம்பு, நம்ம ராகுவுக்குப் பங்காளி மாதிரி. 2036-ல் மோதுமோங்கற சந்தேகம் கொஞ்ச நாள் இருந்தது. அடுத்த நூறு வருஷத்துக்குப் பயமில்லைன்னு 2021-ல் ரேடார் அளவீடுகள் காட்டிடுச்சு.

2029-ல் அது கடக்கும் தூரம் தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர். நம்ம டிவி சாட்டிலைட்டுகள் சுத்துற 36,000-ஐ விடக் கிட்ட. நம்ம நேரப்படி ஏப்ரல் 14, அதிகாலை 3.16. சித்திரை ஒண்ணு.