மூத்தவாப்பாவின் ரேடியோ மௌத்தாகவில்லை



வீட்டில் கிடக்கும் பழைய வால்வ் ரேடியோவை இரும்புக்காரரிடம் கொடுக்குமுன் இதைக் கொஞ்சம் வாசியுங்கள்.

இலங்கையில் வானொலி தொடங்கியது 1925இல். கரண்ட் எட்டாத வாவிக்கரை ஊர்களில் அது பேசியது பெட்டரியால்தான். அந்த ரேடியோக்களுக்கு இரண்டு பெட்டரி வேண்டும். வால்வின் இழையைச் சூடாக்க 1.5 வோல்ட், வால்வ் வேலை செய்ய 90 வோல்ட். 90 வோல்ட் பெட்டரிக்குள் 60 சிறு கலங்கள். அது தீர்ந்துவிடுமே என்று, செய்திக்கும் தலைப்பிறை அறிவிப்புக்கும் மட்டும் திறந்து மூடுவார்களாம். எங்கள் மூத்தம்மா சொல்வா.

1954இல் டிரான்சிஸ்டர் ரேடியோ சந்தைக்கு வந்தது. அதற்குச் சூடாக்க இழையே இல்லை. சிறிய பெட்டரியே போதும். மெல்ல மெல்ல 90 வோல்ட் பெட்டரி கடைகளிலிருந்து மறைந்தது. நல்ல ரேடியோக்களும் ஊமையாகின.

இன்றும் வழி இருக்கிறது. பத்து 9 வோல்ட் பெட்டரிகளைத் தொடராக இணைத்தால் 90 வோல்ட். இழைக்கு ஒரு பெரிய டோச் பெட்டரி. ஆனால் கவனம்! வயர் மாறி 90 வோல்ட் இழைக்குப் போனால் வால்வுகள் கண்சிமிட்டும் நேரத்தில் எரிந்துவிடும். உள்ளே இருக்கும் பழைய கடதாசிக் கொள்ளளவிகளையும் திருத்தத் தெரிந்த ஒருவர் முதலில் பார்க்கட்டும்.

யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு தடவை கேட்கவைக்க வேண்டும்.