வெள்ளிக்கோட்டில் ஒரு சிறுவன்

செருமனியின் நூரம்பர்க் நகரில் 1471இல் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தவர் ஆல்பிரெக்ட் டியூரர். 1484இல், பதின்மூன்று வயதளவில், கண்ணாடியைப் பார்த்துத் தம் உருவத்தைத் தாமே வரைந்தார். ஒரு சாணுக்குச் சற்றே மிகுந்த உயரமுடைய அத்தாள், வியன்னாவின் ஆல்பர்ட்டினா கலைக்கூடத்தில் உள்ளது. மேதைமையின் முளை என்று அதனைப் போற்றுவோர் பலர். அப்போற்றுதலில் வரைந்தவரின் வயது முன்னிற்கிறது, கோடு பின்தங்கிவிடுகிறது.

பார்வைக்கு அது பென்சில் ஓவியம் போன்றது. ஆனால் பென்சில் அன்று பிறக்கவில்லை. இங்கிலாந்தின் பாரோடேல் பகுதிக் கிராஃபைட்டு 16ஆம் நூற்றாண்டிலேயே புழக்கத்திற்கு வந்தது. சிறுவன் கையாண்டது வெள்ளிமுனை. எலும்புச் சாம்பலும் பசையும் கலந்து பூசிய தாளின்மேல் வெள்ளிக் கம்பியின் நுனி உராயும்போது உலோகம் நுண்துகளாய்ப் படிகிறது. சாம்பல் நிறத்தில் தோன்றும் கோடு நாளடைவில் பழுப்பேறும். எவ்வளவு அழுத்தினும் பென்சிலின் கருமை அதற்கு வாராது. நிழல் வேண்டுமாயின் கோட்டருகே கோடாக அடுக்கவேண்டும். பூச்சைச் சுரண்டாமல் அழிக்கவும் இயலாது. ஓலையில் எழுத்தாணி ஓட்டிய நம் முன்னோர் அறிந்த இடர்ப்பாடுதான் இது. ('எழுதுதல்' என்னும் சொல் பழந்தமிழில் ஓவியம் தீட்டுதலையும் குறித்தது என்பதை அன்பர்கள் அறிவர்.)

முதியவர் முகத்தை வரைவது ஒருவகையில் எளிது. சுருக்கமும் எலும்பும் கோட்டுக்குப் பற்றுக்கோடாகும். குழந்தை முகத்தில் அவை இல்லை. கோடு சற்றே மிகுந்தால் சிறுவன் கிழவனாகிவிடுவான். இங்கோ கன்னத்தின் திரட்சியைப் புறக்கோடே பெரிதும் தாங்குகிறது. உள்ளே சில மெல்லிய கீற்றுகள், எஞ்சியது வெற்றுத்தாள். வரையாது விட்ட இடமே வடிவமாகிறது. சட்டைக்கையின் மடிப்புகளிலோ கோடுகள் நெருங்கித் துணியின் கனத்தையும் பள்ளத்தையும் காட்டுகின்றன. அது தந்தையின் பட்டறையில் பயின்ற கை. எனக்கு அம்மடிப்புகளைவிடக் கன்னமே அரியதாகப் படுகிறது.

குறைகளும் உள. சுட்டுவிரல் நீண்டு விறைத்திருக்கிறது. மற்றொரு கை சட்டைக்கைக்குள் மறைந்துள்ளது. வரைந்துகொண்டிருக்கும் கையையே பார்த்து வரைதல் அரிதாகையால் மறைத்தான் போலும். கண்ணாடியை நோக்கி வரைபவனின் கண்கள் நம்மை நோக்கவேண்டும். இவை பக்கவாட்டில் செல்கின்றன.

பென்சில் கோட்டை ரப்பர் அழிக்கும் என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1770இல் எழுதினார். அதன்பின் தயக்கமின்றித் தொடங்கலாம், தவறினால் துடைக்கலாம். ஓவியருக்கு இது பேருதவியே. எனினும் பத்தாண்டு நிறைவில் தம் தொடக்கக் கவிதைகளைத் தொகுக்கும் அன்பர் சிலர் அவற்றைச் செப்பம் செய்தே வெளியிட விழைவதைக் காணும்போது, என் மனம் வெள்ளிமுனையின் பக்கம் சாய்கிறது.

1500இல் நம்மை நேர்நோக்கும் தன்னுருவத்தைத் தீட்டியவர் டியூரர். அவ்வோவியம் மியூனிக் நகரில் உள்ளது. பின்னாளில் அவர் அப்பழைய தாளை எடுத்து, மேற்பகுதியில் தம் கைப்பட ஒரு குறிப்பு எழுதினார். ஆண்டு 1484 என்பதும், கண்ணாடி பார்த்துத் தம்மை வரைந்தார் என்பதும், அப்போது தாம் இன்னும் குழந்தை என்பதுமே அதன் செய்தி. அக்குறிப்பின் கீழே விரல் விறைத்தபடியே இருக்கிறது.