அளவை மொழியும் அதன் உரிமையும்

கி.பி. 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் இலண்டன் மாநகரை எரித்த பெருந்தீ, வீடுகளையும் தேவாலயங்களையும் மட்டுமன்றி, அப்போது அச்சேறிக்கொண்டிருந்த ஒரு மொழியையும் விழுங்கிற்று. அம்மொழியை எந்தத் தாயும் தன் குழந்தைக்குக் கற்பித்ததில்லை. எந்தச் சந்தையிலும் அது பேசப்பட்டதில்லை. ஜோன் வில்கின்ஸ் என்னும் பாதிரியார் தம் மேசையருகே இருந்து ஆக்கிய மொழி அது. றோயல் சங்கத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான அவர், எரிந்தவற்றை மீண்டும் ஆக்கி, 1668இல் நூலை முழுமையாக வெளியிட்டார்.

உலகிலுள்ள பொருள்கள், பண்புகள், செயல்கள் ஆகிய யாவற்றையும் நாற்பது பெரும் பிரிவுகளில் அடக்கி, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஒலியை வகுத்தார் வில்கின்ஸ். அவர் முறைப்படி 'டெ' என்றால் பூதம். 'டெப்' என்றால் பூதங்களுள் முதலாவதாகிய தீ. 'டெபா' என்றால் தீயின் ஒரு கூறாகிய சுவாலை. சொல்லைக் கேட்ட அளவிலே பொருளின் இடம் உலக வரிசையில் எங்குள்ளது என்பது விளங்கிவிடும். எண்ணம் மிக அழகியது. ஆனால் உலகம் அந்த அட்டவணைக்குள் அடங்கச் சம்மதிக்கவில்லை. தாவரங்களை வகுத்துக் கொடுத்த ஜோன் ரே என்னும் இயற்கை அறிஞர், இயற்கையின் ஒழுங்கை விடுத்து நூலின் ஒழுங்குக்கேற்பச் செடிகளைப் பிரிக்க நேர்ந்தமை குறித்துத் தம் நண்பருக்கு வருந்தி எழுதினார். ரொபேட் ஹூக் 1676இல் ஒரு கடிகார அமைப்பின் விளக்கத்தை இம்மொழியில் அச்சிட்டார். அதற்கு மேல் அது செல்லவில்லை. படித்தோர் புகழ்ந்தனர், பேசுவோர் தோன்றவில்லை.

அக்காலத்திலேயே ஜேர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் இதனினும் பெரிய கனவொன்றைக் கண்டார். எண்ணங்களுக்குரிய குறிகளைச் சரியாக அமைத்துக்கொண்டால், கருத்து வேறுபாடு கொண்ட இருவர் வாதாடத் தேவையில்லை. கணக்குப் போட்டு முடிவு காணலாம் என்பது அவர் நம்பிக்கை. அக்கனவு அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளின் பின், 1879இல், பிரேகே என்னும் மற்றொரு ஜேர்மானியர் வெளியிட்ட சிறு நூல், அளவையியலுக்குப் புதிய குறியீட்டு முறையை அளித்தது. எழுவாய், பயனிலை என்ற பழைய பாகுபாட்டை விடுத்து, ஒரு செயலையோ தொடர்பையோ நடுவில் வைத்து, அதற்குரிய பொருள்களை அதன் இடங்களில் நிரப்பும் முறை அது. எனினும் அது தாளில் எழுதும் முறையேயன்றி நாவால் பேசும் முறையன்று. அதனைப் பேச்சாக்கத் துணிந்தவர் பிறந்தது இருபதாம் நூற்றாண்டிலாகும்.

அவர் பெயர் ஜேம்ஸ் குக் பிறவுண். ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்திலே கற்பித்தவர். அவரது முயற்சியைத் தூண்டியது அளவையியல் ஆசை மட்டுமன்று. மொழியியலில் அன்று பெரிதும் பேசப்பட்ட ஒரு கேள்வியுமாகும். பேசும் மொழியே சிந்திக்கும் வகையை வரையறுக்கின்றதா என்பது அக்கேள்வி. சப்பீர், வோர்ப் ஆகிய இருவரின் பெயரால் வழங்கும் கொள்கை அது. வோர்ப் என்பவர் தொழிலால் தீக்காப்புறுதி நிறுவனத்துப் பரிசோதகர். பெற்றோல் நிறைந்த பீப்பாய்களுக்கு அருகில் மிகுந்த கவனத்துடன் நடந்தவர்கள், 'வெறும்' பீப்பாய்களுக்கு அருகில் அலட்சியமாகப் புகைபிடிப்பதை அவர் கவனித்தார். உண்மையில் வெறும் பீப்பாயில் தங்கிய ஆவியே விரைவில் வெடிக்க வல்லது. 'வெறும்' என்ற சொல், அங்கே ஆபத்து இல்லை என்று அவர்களை எண்ண வைத்தது என்பது அவர் விளக்கம். கதை சுவையானது, ஆனால் அது சான்றாகாது. மொழி வேறுபடும் மக்களின் வாழ்க்கை முறையும் வேறுபடுதலின், இரண்டனுள் எது எதற்குக் காரணம் எனப் பிரித்தறிதல் எளிதன்று.

1955ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிறவுண் இதனைப் பற்றிச் சிறு கட்டுரை ஒன்று எழுத அமர்ந்தார். எந்த நாட்டினதும் பண்பாட்டைச் சாராத, அளவையியலின் எலும்புக் கூட்டில் கட்டப்பட்ட ஒரு மொழியை ஆக்கி, அதனை மாணவர்க்குக் கற்பித்து, அவர்களின் சிந்தனை மாறுகின்றதா என அளந்து பார்த்தால் என்ன? அந்தச் சிறு கட்டுரை அவர் வாழ்நாள் முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் அவர் அமைத்த வாழ்க்கைத் தொழில் விளையாட்டு ஒன்று கடைகளுக்கு வந்தது. பணம், புகழ், இன்பம் ஆகிய மூன்றில் எவ்வளவு தனக்கு வேண்டுமென்பதை ஆடுபவரே முன்கூட்டி முடிவு செய்யும் ஆட்டம் அது. அதனால் வந்த வருவாயே மொழிப் பணிக்குத் துணையாயிற்று.

புது மொழிக்கு 'லொக்லான்' என்று பெயர். அதன் வேர்ச் சொற்களை அவர் மனம்போனபடி புனையவில்லை. ஆங்கிலம், சீனம், ஹிந்தி, ருஷ்யம், ஸ்பானியம், பிரெஞ்சு, யப்பானியம், ஜேர்மன் ஆகிய எட்டு மொழிகளிலும் ஒரு பொருளுக்கு வழங்கும் சொற்களை எடுத்து, பேசுவோர் தொகைக்கேற்ப மதிப்பிட்டு, பலருக்கும் நினைவிற்கு எளிதாகத் தோன்றும் ஒலிக் கலவையைத் தெரிந்தார். நீலத்துக்கு 'பிளானு' என்ற சொல் பிறந்தது அவ்வாறே. ஆங்கிலத்தின் 'புளூ'வும் சீனத்தின் 'லான்'உம் அதனுள் ஒளிந்திருக்கின்றன. 1960ஆம் ஆண்டு ஜூன் மாதத்துச் 'சயன்ரிபிக் அமெரிக்கன்' சஞ்சிகையில் இம்மொழி பற்றிய அவர் கட்டுரை வெளியானதும், அறிவியலார், பொறியியலார், விஞ்ஞானக் கதை வாசகர் எனப் பலர் கடிதம் எழுதலாயினர். 1966இல் வெளிவந்த றொபேட் ஹைன்லைனின் சந்திர உலக நாவலொன்றிலும் லொக்லான் பெயர் இடம்பெற்றது.

அளவை மொழி எதனைச் சாதிக்க முயல்கின்றது என்பதற்குத் தமிழிலிருந்தே உதாரணம் காட்டலாம். 'பழைய புத்தகக் கடை' என்கின்றோம். பழமை புத்தகத்துக்கா, கடைக்கா? கேட்பவர் சூழ்நிலை நோக்கிப் பொருள் கொள்வர். 'கண்ணனும் முருகனும் பெட்டியைத் தூக்கினர்' என்றால், இருவரும் சேர்ந்து ஒருமுறை தூக்கினரா, தனித்தனியே தூக்கினரா? அளவை மொழியில் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு இணைப்புச் சொற்கள் உள. எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதற்கும் விதி உண்டு. விதியை மாற்ற வேண்டின் அதற்கெனச் சிறு சொல் உண்டு. ஒலியோட்டத்தில் ஒரு சொல் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகின்றது என்பதும் ஐயத்துக்கு இடமின்றி அமைக்கப்பட்டது. காளமேகப் புலவர் அம்மொழியில் பிறந்திருந்தால், சொல்லைப் பிரித்துச் சிலேடை பாட வழியின்றித் தவித்திருப்பார்! ஆயினும் ஒன்றைக் குறிப்பிடல் வேண்டும். நீக்கப்படுவது வாக்கிய அமைப்பின் மயக்கமேயன்றிப் பொருளின் மயக்கமன்று. 'புத்தகக் கடை' என்பது புத்தகம் விற்கும் கடையா, புத்தகம் போன்ற வடிவுடைய கடையா என்பதை எந்த இலக்கணமும் தானாகச் சொல்லிவிடாது.

மொழி ஆர்வலர் பலர் பிறவுணின் லொக்லான் நிலையத்தைச் சூழ்ந்தனர். சஞ்சிகை நடத்தினர், வாக்கியங்களைச் சோதித்தனர், இலக்கணம் உண்மையிலே மயக்கமற்றதா எனக் கணினியைக் கொண்டு பரீட்சித்தனர். 1970களின் இறுதியில் கூட்டுச் சொற்களை ஆக்கும் முறை முழுவதும் மாற்றியமைக்கப்பட்டது. மாற்றம் நன்மைக்கே எனினும், முன்னர் கற்றவர் மீண்டும் கற்க நேர்ந்தது. இங்கேதான் சிக்கல் தொடங்கிற்று. பிறவுணுக்கு லொக்லான் ஆய்வுகூடத்துக் கருவி; குறையின்றி முடியும் வரை அது தம் கையை விட்டுப் போகலாகாது. கற்றவர்களுக்கோ அது பேச வேண்டிய மொழி. நாளைக்கு மாறிவிடக்கூடிய சொல்லை இன்று மனனம் செய்ய எவர் விரும்புவர்? பதிப்புரிமை நிலையத்துக்கே உரியது. சொற்பட்டியலைப் பரப்புவதற்கும் நிலையத்தின் அனுமதி வேண்டும் என்ற கட்டுப்பாடு, உழைக்க முன்வந்தோரையே விலக்கிற்று.

அவர்களுள் ஒருவர் வாஷிங்டன் நகரை அண்டி வாழ்ந்த பொப் லெஷவாலியே. பிறவுணுக்கு உதவ வந்தவர், அவருடன் முரண்பட்டுப் பிரிந்தார். 1987இல் அவரும் நண்பர் சிலரும் செய்த முடிவு வியப்புக்குரியது. பிறவுணின் சொற்களுக்கு உரிமை கோரப்படுமாயின், அச்சொற்களை அவரிடமே விட்டுவிட்டு, அனைத்தையும் புதிதாகச் செய்துவிடலாம் என்றனர். ஒலியை மட்டும் மாற்றி, மொழியின் உள்ளமைப்பை வைத்துக்கொள்வது அவர் நோக்கம். இம்முறை ஆறு மொழிகள் மூலமாயின: சீனம், ஆங்கிலம், ஹிந்தி, ஸ்பானியம், ருஷ்யம், அரபு. ஐந்தெழுத்துக் கொண்ட வேர்ச் சொற்கள் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் மீண்டும் ஆக்கப்பட்டன. அந்த உழைப்பை நினைத்துப் பார்க்கவே மலைப்பாக இருக்கின்றது. 'அளவை' என்னும் சொல்லையும் 'மொழி' என்னும் சொல்லையும் இணைத்து 'லொஜ்பன்' எனப் பெயரிட்டனர். நீலத்துக்குரிய 'பிளானு', புதிய கணக்கிலும் அவ்வாறே வந்து நின்றது.

'லொஜ்பன் என்பது லொக்லானின் ஒரு வடிவமே' என அவர்கள் கூறினர். பிறவுண் தரப்பினர் அதற்கு உடன்படவில்லை. 'லொக்லான்' என்ற பெயரை 1988இல் வியாபாரக் குறியாகப் பதிவு செய்திருந்தது அவர் நிலையம். எதிர்த்தரப்பினர் அப்பதிவை நீக்குமாறு கேட்டனர். வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, 1992இல் தீர்ப்பாயிற்று. சவர்க்காரத்துக்கும் சப்பாத்துக்கும் வியாபாரக் குறி இடலாம்; ஆனால் ஒரு மொழிக்குப் பொதுப் பெயராகவே வழங்கிவந்த சொல்லை ஒருவர் தமக்கே உரியதெனக் கொள்ளல் இயலாது என்று பதிவு நீக்கப்பட்டது. ஐயத்துக்கு இடமில்லாத மொழியை ஆக்கியவர்கள், அதன் பெயர் எதனைச் சுட்டுகின்றது என்பதை அறியச் சட்ட வல்லுநரின் ஆங்கிலத்தை நாட வேண்டியதாயிற்று.

பிறவுணைக் குறை கூறுதல் எளிது. ஆனால் அது நியாயமாகாது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் தம் பொருளையும் பொழுதையும் செலவிட்டு வளர்த்ததைப் பிறர் கையிலே கொடுத்துவிட்டு விலகி நிற்பது எவருக்கும் அரிது. மேலும், ஆய்வுக்குரிய கருவி கண்டவர் கையிலெல்லாம் உருமாறின் ஆய்வு கெடும் என அவர் அஞ்சியதிலும் பொருள் உண்டு. அவர் 2000ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவில் பயணம் செய்கையில் காலமானார். அவர் எண்ணிய அந்தப் பரிசோதனை, மாணவரைத் திரட்டி மொழி கற்பித்துச் சிந்தனையை அளக்கும் பரிசோதனை, அவர் எண்ணியவாறு ஒருபோதும் நடைபெறவில்லை.

லொஜ்பன் குழுவினர் தம் மொழியைப் பொதுவுடைமை என அறிவித்தனர். 1997இல் ஜோன் கவன் எழுதிய முழு இலக்கணம் வெளிவந்தது. அதனைப் புரட்டும் தமிழருக்குச் சில இடங்களில் அயன்மை தோன்றாது. முன்னிலையாரை உட்படுத்தும் 'நாம்' என்பதற்கும் விலக்கும் 'நாங்கள்' என்பதற்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். லொஜ்பனில் அவை வேறு வேறு. தான் கண்டதனைச் சொல்லும்போது ஒரு சிறு சொல்லும், பிறர் சொல்லக் கேட்டதனைச் சொல்லும்போது வேறொரு சொல்லும் சேர்க்கலாம். தமிழில் 'வந்தான்' என்பதற்கும் 'வந்தானாம்' என்பதற்கும் உள்ள வேறுபாடு போன்றது இது. இத்தனைக்கும், மூலமாக எடுத்த மொழிகளுள் தமிழ் இல்லை.

கற்பவர் இனியும் ஏமாறாதிருக்க, நூல் வெளிவந்தபின் சில ஆண்டுகளுக்கு மொழியை மாற்றுவதில்லை என்று குழுவினர் உறுதி பூண்டனர். அவ்விடைக்காலத்தில் பேசுவோர் பேசினர். 'அற்புத உலகில் அலிஸ்' கதையை ஒருவர் மொழிபெயர்த்தார். பலர் கடிதம் எழுதினர், சண்டையிட்டனர். சண்டைகளுள் பெரியது 'லொ' என்ற ஓரசைச் சொல்லைப் பற்றியதாகும். பெயருக்கு முன் வரும் அச்சொல்லுக்கு, 'உண்மையில் அவ்வாறுள்ளவற்றுள் ஒன்றோ பலவோ' என 1997ஆம் ஆண்டு நூல் பொருள் உரைத்திருந்தது. அப்பொருளோடு அன்றாடம் பேச முயன்றவர்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் இடறினர். வேண்டாத இடத்திலும் எத்தனை என்ற எண்ணிக்கை வந்து நின்றது. பல்லாண்டு வாதத்தின் பின், எண்ணிக்கையை உட்கொள்ளாத பொதுச் சொல்லாக 'லொ' விளக்கப்பட்டது. 'நாய் குரைக்கும்' என்னும்போது ஒரு நாயா, சில நாய்களா, எல்லா நாய்களுமா என்று தமிழ் கூறாது விட்டுவிடுகின்றதே, ஏறக்குறைய அந்த நிலை. புதிய விளக்கத்தை ஏற்றோர் அவ்வாறு பேசலாயினர். பழைய நூலில் கற்றோருட் சிலர் பழைய பொருளிலேயே வழங்கினர். இரண்டும் வேண்டாமெனச் சிலர் எழுந்து சென்று, தமக்கென வேறு அளவை மொழிகளை ஆக்கத் தொடங்கினர்.