கண்டத்திட்டின் கடலடிச் சிற்றோட்டுடலிகள்

கடலடி மணலிலும் சேற்றிலும் வாழும், இறாலுக்கும் நண்டுக்கும் உறவான, பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாத உயிரிகள் இவை. ஆம்பிபாடு, ஐசோபாடு, டனாய்டு, குமேசியன், ஆஸ்ட்ராகோடு, ஹார்பாக்டிகாய்டு கோப்பிபாடு ஆகியன இவற்றுள் முதன்மையானவை. கரையிலிருந்து ஏறக்குறைய 200 மீட்டர் ஆழம் வரை இறங்கும் கண்டத்திட்டில் இவற்றின் வகையும் எண்ணிக்கையும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன.

இவ்வேறுபாட்டுக்கு ஆழமே காரணம் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் ஆழத்தோடு சேர்ந்து மாறுபவை பல: தரை மணலின் பருமன், அலையின் வேகம், மேலிருந்து விழும் உணவு, நீரில் கரைந்த உயிர்வளி. இவற்றில் தரையை முதலில் வைக்கலாம். எடுத்துக்காட்டாக, சோழமண்டலக் கரையின் தரைக்கு மண் தந்தவை ஆறுகள். நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வயலூர் அருகே கடலில் சேர்கிறது. அதே மலைப்பகுதியில் தோன்றும் தென்பெண்ணை கடலூரில் கலக்கிறது. இன்று அணைகளும் ஏரிகளும் தடுத்தது போக, வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில்தான் ஓரளவு மண் கடலுக்குப் போகிறது.

அலை கிளறும் கரையோர மணலில், மண்ணைத் தோண்டிப் புதையும் ஆம்பிபாடுகளே தாக்குப்பிடிக்கும். மணலின் இடுக்குகளில் மெலிந்த உடல்கொண்ட ஹார்பாக்டிகாய்டுகள் ஊர்கின்றன. சற்று ஆழத்தில், அலை அடங்கி வண்டல் படியும் இடத்தில் ஆம்பெலிஸ்கா போன்ற குழாய்வாசிகளைக் காணலாம். ஆம்பெலிஸ்கா தன் கால்களிலுள்ள சுரப்பியிலிருந்து இழை நூற்று, சேற்றுத் துகளை ஒட்டித் தட்டையான பை ஒன்றைக் கட்டிக்கொள்ளும். அதன் வாயில் இருந்தபடியே உணர்கொம்புகளால் உணவைத் திரட்டும். குமேசியன்கள் பகலில் பாதி புதைந்திருந்து இரவில் நீருக்குள் எழும்பும்.

திட்டின் வெளிவிளிம்பில் நிலை வேறு. அங்குள்ள மணல் பெரும்பாலும் பழையது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்த காலத்தின் எச்சம். உயிர்வளி குறைந்த நீரும் இவ்விளிம்பைத் தொடுகிறது. புழுக்கள் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஓட்டுடலிகள் அவ்வளவு பொறுக்கா. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவத்தின்போது இந்த நீர் திட்டின் மீதே ஏறிவருகிறது.

பாக் நீரிணையில், கரையிலிருந்து விளிம்பு வரையான இந்த வரிசை செல்லாது. பெரும்பகுதி 15 மீட்டருக்கும் ஆழம் குறைவான அங்கே, கடற்புல் உள்ள இடமும் இல்லாத இடமுமே வேறுபாட்டைத் தீர்மானிக்கின்றன. மன்னார் வளைகுடாவில் பவளமும் பாரும் மணலும் அடுத்தடுத்து வருவதால் சிறு தொலைவிலேயே கூட்டம் மாறிவிடும்.

இப்பகுதியின் ஆய்வு முத்துக்குளிப்பை ஒட்டித் தொடங்கியது. 1902இல் விலங்கியலாளர் ஹெர்ட்மன் இலங்கை முத்துப் பார்களில் சேகரித்த ஆம்பிபாடுகளை வாக்கர் 1904இல் விவரித்தார். திருவிதாங்கூர்க் கரையின் குமேசியன்களைச் சி. வி. குரியனும், கிழக்குக் கரையின் ஆம்பிபாடுகளை 1960களில் டி. இ. சிவப்பிரகாசமும் ஆராய்ந்தனர். பின்னர் சாகர் சம்பதா ஆய்வுக்கப்பலும், பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் திட்டின் ஆழப்பகுதிகளுக்கு ஆய்வை விரித்தன. இந்தியத் திட்டின் கண்ணுக்குத் தெரியும் அளவுள்ள கடலடி உயிரிகளில் பல்முட்புழுக்களே (பாலிகீட்டுகள்) பொதுவாக முதலிடம். ஓட்டுடலிகள் பெரும்பாலும் அடுத்து வரும். ஆஸ்ட்ராகோடுகளின் சுண்ண ஓடு மண்ணில் தங்கிவிடுவதால் சென்னைப் பல்கலைக்கழக நிலவியலாளர்களும் அவற்றை ஆராய்கின்றனர். பழைய கடல்களின் ஆழத்தை அறிய அவை உதவும்.

கரையில் ஏலம் போகும் காரல், நவரை, கிழங்கான் மீன்களுக்கு இவை இரை. எனினும் இழுவலை கீறும் தரையில் குழாய்வாசிகளே முதலில் அழிகின்றன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடை, மீன்வளத்துக்கென வந்தாலும் இந்தத் தரைக்கும் ஓய்வுதான்.

எண்ணெய்க் கசிவை ஆம்பெலிஸ்கா தாங்காது. 1978இல் ஆமோக்கோ காடிஸ் கப்பல் உடைந்தபின் பிரான்சின் மோர்லே விரிகுடாவில் அதன் கூட்டம் சரிந்தது. மீளப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. முட்டையையும் குஞ்சையும் தாய் தன் உடலிலுள்ள அடைகாக்கும் பையிலேயே சுமப்பதால், நீரோட்டத்தில் மிதந்து பரவும் இளவுயிரி இதற்கு இல்லை. அழிந்த இடத்துக்குத் தொலைவிலிருந்து குடியேற ஆளில்லை. 2017 ஜனவரி எண்ணூர்க் கப்பல் மோதல் போன்ற விபத்துகளை அளவிட இவ்வினங்கள் தக்க சுட்டிகள். ஆனால் விபத்துக்கு முந்திய கணக்கு கையில் இருந்தால்தான் அவை பயன்படும்.

கணக்கெடுப்பு முறை இதுதான்: வான்வீன் எனும் கவ்வி தரையிலிருந்து ஒரு கவ்வு மண்ணை அள்ளும். அதைச் சல்லடையில் கழுவி, ஃபார்மலினில் இட்டு, ரோஸ் பெங்கால் சாயம் ஊற்றுவர். சிவந்து தெரியும் உடல்களைப் பொறுக்கி நுண்ணோக்கியில் இனம் பிரிப்பர். சல்லடையின் கண் 1 மில்லிமீட்டரா, அரை மில்லிமீட்டரா என்பதைப் பொறுத்து ஓட்டுடலிகளின் எண்ணிக்கை பெரிதும் மாறும். ஆகவே கண்ணளவு குறிப்பிடாத இரு கணக்குகளை ஒப்பிட்டு எந்த முடிவும் சொல்லக்கூடாது.