பீட்டில்ஸுக்கு மீசை முளைத்தது!

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரம். மேத்யூ தெரு என்று ஒரு குறுகலான சந்து. அங்கே ஒரு பழக்கிடங்குக்குக் கீழே, படியிறங்கிப் போனால் ஒரு நிலவறை. பெயர், கேவர்ன் கிளப். செங்கல் வளைவுகள். ஜன்னல் என்ற பேச்சுக்கே இடமில்லை. மேலேயிருந்து அழுகிய பழத்தின் வாடை, கீழே நூற்றுக்கணக்கானவர்களின் வியர்வை வாடை. கூட்டம் விடுகிற மூச்சு கூரையில் பட்டு, தண்ணீராகித் தலையில் சொட்டும்!

1963 பிப்ரவரி. அறிவிப்பாளர் பாப் வூலர் ஒரு சந்தோஷச் செய்தியோடு மேடையேறினார். ‘நம்ம பசங்க’ நாலு பேரும் வெளியிட்ட ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ ரெகார்டு தேசத்திலேயே நம்பர் ஒன் ஆகிவிட்டது!

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி கைதட்டல் எழுந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. கூட்டம் மௌனமாகிவிட்டது. முன்வரிசைப் பெண்களின் முகம் வாடிப்போனது.

ஏன்? ‘இனிமேல் இவர்கள் நம்மவர்கள் இல்லை’ என்பது அந்தப் பெண்களுக்குச் சட்டென்று உறைத்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்!

1961 பிப்ரவரியில் கேவர்னில் முதல் கச்சேரி செய்தபோது, பீட்டில்ஸ் என்ற பெயரை லிவர்பூலையும் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து கிளப்புகளையும் தாண்டி யாரும் கேள்விப்பட்டதில்லை. அப்புறம் இரண்டரை வருஷத்தில் அதே நிலவறையில் கிட்டத்தட்ட முந்நூறு கச்சேரிகள். அதில் பல, மத்தியான வேளையில். பக்கத்து ஆபீஸ்களில் டைப் அடிக்கும் பெண்களும் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களும் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து, நாலு பாட்டு கேட்டுவிட்டுத் திரும்ப ஓடுவார்கள். மேடை, கை எட்டும் தூரம். பிடித்த பாட்டின் பெயரைக் கத்தினால் வாசிப்பார்கள். 1962 ஆகஸ்டில் டிரம்மர் பீட் பெஸ்ட்டை நீக்கிவிட்டு ரிங்கோ ஸ்டாரைச் சேர்த்தபோது கேவர்னில் அடிதடியே நடந்தது. கிடார் வாசித்த ஜார்ஜ் ஹாரிஸனுக்குக் கண்ணில் ஒரு குத்து! அந்த அளவுக்கு உரிமை.

அந்த மத்தியானக் கூட்டத்தில் ஃப்ரெடா கெல்லி என்று ஒரு டைப்பிஸ்ட் பெண் இருந்தார். பீட்டில்ஸின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் அவரை வேலைக்கு அழைத்தபோது வயது பதினேழு. சீக்கிரமே ரசிகர் மன்றத்தின் செயலாளர் ஆனார். இவரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வருவார்.

1963 ஆகஸ்ட் 3. கேவர்னில் கடைசிக் கச்சேரி. அந்த நிலவறைக்குள் இனி அடங்க முடியாத அளவுக்கு நாலு பேரும் வளர்ந்துவிட்டார்கள். லிவர்பூல் பெண்கள் பயந்தது நடந்தேவிட்டது.

அதற்கப்புறம் வந்தது இரண்டாவது ரசிகர் படை. இவர்களுக்கு பீட்டில்ஸை நேரில் தெரியாது. 1964 பிப்ரவரி 9-ம் தேதி, எட் சல்லிவன் நடத்திய டி.வி. நிகழ்ச்சியில் நாலு பேரையும் பார்த்தவர்கள் 7 கோடியே 30 லட்சம் அமெரிக்கர்கள். மறுநாளே பதிமூன்று, பதினாலு வயசுப் பெண்கள் பாதிப் பைத்தியம் ஆனார்கள். 1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55 ஆயிரம் பேருக்கு மேல். அத்தனை பேரும் ஒரே சமயத்தில் ‘ஓ’வென்று அலற… மேடையில் வாசித்தவர்களுக்குத் தாங்கள் வாசிப்பதே கேட்கவில்லை! இன்றைய மாதிரி மேடையிலேயே பாடகர் காதுக்குச் சத்தம் தரும் ஸ்பீக்கரெல்லாம் அப்போது கிடையாது. முன்னால் நிற்கும் மூன்று பேரின் முதுகும் இடுப்பும் அசைவதைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொண்டதாக ரிங்கோ பின்னாளில் சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். பாட்டுக்காக உயிரை விடுகிற கூட்டம். ஆனால், பாட்டை ஒருத்தரும் கேட்கவில்லை!

இதில் நாம் மறந்துபோகிற ஒரு விஷயம் உண்டு. அப்போது ஜான் லெனனுக்கு வயது 24. ஜார்ஜுக்கு 22. அந்த வயதில் நீங்களும் நானும் மாறினோம் இல்லையா… அவர்களும் மாறிக்கொண்டிருந்தார்கள். 1965 டிசம்பரில் வந்த ‘ரப்பர் ஸோல்’ ஆல்பத்தில் ஜார்ஜ் சிதார் வாசித்தார். 1966 ஆகஸ்டில் வந்த ‘ரிவால்வர்’ ஆல்பத்தில், டேப்பைத் துண்டு துண்டாக வெட்டி வளையமாக ஒட்டி, சுற்றவிட்டு ஒலிகளை உண்டாக்கினார்கள். ஸ்டூடியோவில் மட்டுமே சாத்தியமான சமாசாரம். அதே மாதம் அமெரிக்காவில் பெரிய டூர். புத்தம்புது ஆல்பம் கையில் இருக்கிறது. அதிலிருந்து எத்தனை பாட்டு வாசித்தார்கள் தெரியுமா? ஒன்றுகூட இல்லை! மேடையில் நின்றது பழைய பீட்டில்ஸ். புது பீட்டில்ஸ் ஸ்டூடியோவில் இருந்தார்கள்.

1966 ஆகஸ்ட் 29, சான்ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க். வந்தவர்கள் சுமார் 25 ஆயிரம் பேர். ஏகப்பட்ட இருக்கைகள் காலி. (ஏசுநாதரைவிட நாங்கள் பிரபலம் என்ற அர்த்தத்தில் லெனன் சொன்னதாகக் கிளம்பிய சர்ச்சையில், அந்த மாதம் சில ஊர்களில் பீட்டில்ஸ் ரெகார்டுகளைத் தீயில் போட்டுக்கொண்டிருந்தார்கள்!) பதினோரு பாட்டு. முப்பத்து மூன்று நிமிஷம். பாட்டுகளுக்கு நடுவே, கேமராவில் டைமரை வைத்து மேடையிலேயே தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டார்கள். இதுதான் கடைசி டூர் கச்சேரி என்பது அவர்களுக்குத் தெரியும். கூட்டத்துக்குத் தெரியாது. திரும்பும் விமானத்தில், ‘இனிமேல் நான் பீட்டில் இல்லை’ என்றாராம் ஜார்ஜ்.

பீட்டில்ஸ் என்ற சட்டை முதன்முதலில் சின்னதாகிப்போனது ரசிகர்களுக்கு அல்ல, பீட்டில்ஸுக்கே!

அடுத்த சில வாரங்களில் ஜார்ஜ் பம்பாய்க்கு வந்தார். ரவிசங்கரிடம் சிதார் படிக்க. ‘அடையாளம் தெரியாமல் இருக்க மீசை வளர்த்துக்கொண்டு வா’ என்று யோசனை சொன்னதே ரவிசங்கர்தான். (அப்படியும் பம்பாயில் கண்டுபிடித்துவிட்டார்கள்.) பால் மெக்கார்ட்னி மொபெட்டிலிருந்து விழுந்து உதட்டைக் கிழித்துக்கொண்டவர். தழும்பை மறைக்க அவரும் மீசை வைத்தார். பார்த்தால், கொஞ்ச நாளில் நாலு பேருக்கும் மீசை!

1967 பிப்ரவரியில் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’, ‘பென்னி லேன்’ என்ற இரண்டு பாட்டுகள் ஒரே தட்டில் வந்தன. அதற்கான படத்தை ‘அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்’ டி.வி. நிகழ்ச்சியில் டிக் கிளார்க் போட்டுக் காட்டி, அரங்கிலிருந்த பையன்கள், பெண்களிடம் மைக்கை நீட்டினார். ஒரே முகச்சுளிப்பு. மீசை பிடிக்கவில்லை, பாட்டு என்னமோ மாதிரி இருக்கிறது, தாத்தா மாதிரி இருக்கிறார்கள்… ‘தாத்தா’க்களில் மூத்தவருக்கு அப்போது 26 வயது!

இன்று இசை வரலாறு எழுதுகிறவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ரெகார்டு அது. இங்கிலாந்தில் அதற்கு முன் வரிசையாகப் பதினோரு பீட்டில்ஸ் ரெகார்டுகள் முதலிடம் பிடித்திருந்தன. இதற்கு இரண்டாம் இடம்தான். தடுத்தது ‘ரிலீஸ் மீ’ என்ற காதல் தோல்விப் பாட்டு. பாடியவர் எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க். வாயில் நுழையாத இந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் யார் தெரியுமா? ஆர்னால்ட் ஜார்ஜ் டார்ஸி. 1936-ல் பிறந்தார். பிறந்த ஊர்… நம்ம மெட்ராஸ்!

சரி, மீசை பிடிக்காத சின்னப் பெண்கள் எங்கே போனார்கள்? அவர்களுக்கு டி.வி-க்காரர்கள் முன்பே ஏற்பாடு செய்துவிட்டார்கள். கேண்டில்ஸ்டிக் பார்க் கச்சேரி முடிந்து சரியாகப் பதினாலாவது நாள், 1966 செப்டம்பர் 12-ல் அமெரிக்க டி.வி-யில் ‘தி மங்க்கீஸ்’ ஆரம்பமானது. பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து, ஆள் எடுத்து உருவாக்கிய குழு. அதே நாலு பையன்கள். அதே குறும்பு. 1964-ன் பீட்டில்ஸை அப்படியே அச்சில் வார்த்த மாதிரி. அக்கா பீட்டில்ஸுக்கு அழுதாள் என்றால், தங்கை மங்க்கீஸுக்கு அழுதாள். அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் 18 வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏனென்றால், மங்க்கீஸும் வளர ஆரம்பித்துவிட்டார்கள்! முதல் இரண்டு ஆல்பங்களிலும் வாத்தியம் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் வாடகைக் கலைஞர்கள். ‘நாங்களே வாசிப்போம்’ என்று நாலு பேரும் கொடி பிடித்தார்கள். இசைப் பொறுப்பாளர் டான் கிர்ஷ்னருடன் நடந்த வாக்குவாதத்தில் மைக்கேல் நெஸ்மித் விட்ட குத்தில் சுவரில் ஓட்டை! கிர்ஷ்னர் வெளியேற்றப்பட்டார். தாங்களே வாசித்து ஒரு ஆல்பம் போட்டார்கள். முதலிடம் பிடித்தது… ஒரே ஒரு வாரம்! அடுத்த வாரமே அதைக் கீழே தள்ளியது எது தெரியுமா? மீசைக்கார பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’! 1968-ல் டி.வி. தொடரும் நின்றது. அந்த வருஷக் கடைசியில் வந்த அவர்களுடைய சினிமாவைச் சீந்த ஆளில்லை.

வெளியே போன கிர்ஷ்னர் சும்மா இருப்பாரா? பாடகன் வளர்ந்து, எதிர்த்துப் பேசி, மீசை வைத்துத் தொலைப்பதுதானே பிரச்னை? அவர் அடுத்து பாட்டு தயாரித்த குழுவில் மனிதர்களே கிடையாது. ஆர்ச்சி, வெரோனிகா, பெட்டி… ஆமாம், காமிக்ஸ் புத்தக ஆர்ச்சிதான். கார்ட்டூன் குழு! ஸ்டூடியோவில் யாரோ பாட, திரையில் பொம்மைகள் வாயசைக்கும். அவர்களுடைய ‘ஷுகர் ஷுகர்’ 1969 செப்டம்பர் 20 தேதியிட்ட பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதே செப்டம்பர் 20-ம் தேதி லண்டனில் ஓர் அறையில் ஜான் லெனன் மற்றவர்களிடம் சொன்னார், தான் பீட்டில்ஸை விட்டு விலகுவதாக. திட்டமிட்டு எழுதினால்கூட இப்படிப் பொருந்தாது!

வளரவே வளராத ஆர்ச்சிக்கு என்ன ஆச்சு? ரசிகர்கள் வளர்ந்தார்கள். விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவ்வளவுதான்.

நாம் விரும்பும் பாடகர்களிடம் நாம் கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம், பாருங்கள். மாறினால், ‘முன்ன மாதிரி இல்லப்பா’ என்கிறோம். மாறாவிட்டால், ‘இன்னும் அதையே பாடிட்டு இருக்கான்’ என்கிறோம். உண்மையில் நாம் தேடுவது அவர்களை அல்ல. அந்தப் பாட்டைக் கேட்டு ராத்திரி தூக்கம் வராமல் கிடந்த நம்முடைய அந்தப் பதினைந்து வயசை. அதை எந்தப் பாடகன் திருப்பித் தர முடியும்?

இதை அவர்களுக்குப் பக்கத்திலேயே இருந்து பார்த்தவர் ஃப்ரெடா கெல்லி. ரசிகர் மன்றத்துக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வரும். ஒரு பெண் தலையணை உறை அனுப்பி, ‘ரிங்கோ இதில் தலை வைத்துத் தூங்கிவிட்டுத் திருப்பித் தரவேண்டும்’ என்றாள். ஃப்ரெடா அதை ரிங்கோவின் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, காரியத்தை முடித்து அனுப்பிவைத்தார்! 1963 முதல் 1969 வரை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும், கடையில் கிடைக்காத ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ரெகார்டு உறுப்பினர்களுக்குத் தபாலில் போகும். முதல் வருஷங்களில் நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்து அடித்த லூட்டி. கடைசி இரண்டு வருஷமும் தனித்தனியே பேசிப் பதிவு செய்து ஒட்டவைத்தது. பதினாலு வயசில் உறுப்பினரான பெண்ணுக்கு அப்போது இருபது. ஒட்டுப்போட்டது அவள் காதுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

1970 டிசம்பரில் லெனன் ‘காட்’ என்றொரு பாட்டு வெளியிட்டார். தனக்கு நம்பிக்கை இல்லாதவற்றை ஒவ்வொன்றாக அடுக்குகிறார். பட்டியலின் கடைசிப் பெயர், பீட்டில்ஸ்! 1972-ல் ரசிகர் மன்றத்தையும் மூடினார்கள். கல்யாணமாகித் தாயாகியிருந்த ஃப்ரெடா தன் வழியில் போனார். சேர்த்து வைத்திருந்ததில் பெரும்பகுதியை ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டார். புத்தகம் எழுதவில்லை, கோடிகள் பார்க்கவில்லை. பிழைப்புக்கு செக்ரட்டரி வேலை. பேரன் பிறந்த பிறகுதான், ‘பாட்டியின் கதை இவனுக்குத் தெரியவேண்டும்’ என்று தோன்றி, பரணிலிருந்த மிச்சப் பெட்டிகளை இறக்கினார். அது 2013-ல் ஆவணப்படமாக வந்தது. ரசிகையாக இருந்து, வளர்ந்து, விலகி… ஆனால், பெட்டியை மட்டும் தூக்கி எறியாதவர்.

2014 ஆகஸ்ட் 14. இடிக்கப்படவிருந்த கேண்டில்ஸ்டிக் பார்க்கில் கடைசிக் கச்சேரி. பாடியவர் பால் மெக்கார்ட்னி. மீசை இல்லை. வயது 72. இப்போது நிஜமாகவே தாத்தா! 1966-ல் அதே இடத்தில் கடைசியாகப் பாடிய ‘லாங் டால் சாலி’யை மறுபடி பாடினார்.

இந்த முறை பாட்டு காதில் விழுந்தது.