மட்டக்குளியை யார் ஸ்கேன் பண்றது?

இலங்கைத் தமிழரின் இணைய ஆவணக் காப்பகம் என்றதும் முதலில் ஞாபகம் வருவது நூலகம் தளம்தான். 2005இல் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கியது. பின்னணியில் இருப்பது 1981. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் சாம்பலாகின. எல்லாவற்றையும் ஒரே கட்டடத்தில் வைத்தால் ஒரே இரவில் போய்விடும் என்பதை அந்தத் தலைமுறை மறக்கவே இல்லை. இன்றைக்கு அங்கே ஆவணங்கள் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டன. என்னோட அசைன்மென்ட் பாதிக்குமேல் அதை நம்பித்தான் ஓடுது.

அதே முறையைக் கொழும்புக்குச் செய்யலாமா? வெள்ளவத்தைக்கு ஓரளவு செய்யலாம். 1942இல் தொடங்கின தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் அங்கே இருக்கு. விழா மலர், பாடசாலை மலர் கிடைக்கும். யாழ்ப்பாணக் குடும்பங்களில் ஒருவர் இறந்தால் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அடிப்பாங்க. பிறந்த ஊர், படிச்ச பள்ளிக்கூடம், பரம்பரை எல்லாம் அதில் இருக்கும். நூலகத்தில் நினைவு மலர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு.

இப்போ கொட்டாஞ்சேனை, முகத்துவாரம் தாண்டி மட்டக்குளிக்கு வாங்க. துறைமுகத்தில் மூட்டை தூக்கினவருக்கும் மாநகர சபையில் தெருக் கூட்டினவருக்கும் யார் மலர் அடிச்சாங்க? 1930இல் வந்த வீரகேசரியின் அச்சகம் பக்கத்திலேயே, கிராண்ட்பாஸ் வீதியில். ஆனால் பத்திரிகை பக்கத்தில் இருந்தது என்பதற்காக நம்ம ஆட்கள் பேர் அதில் வந்துவிடாது. அச்சானதை மட்டும் சேர்க்கிற ஆவணகம், அச்சடிக்கக் காசு இருந்தவர்களின் வரலாறாகத்தான் வரும்.

ஆனால் காகிதமே இல்லை என்று நினைக்காதீங்க. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் (கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலை இல்லை, சுவரோடு சுவர் ஒட்டின வீடுகள்) அலுமாரிக்கு மேல் ஒரு ஷொப்பிங் பேக் இருக்கும். அதுக்குள்ள இருப்பது அரசாங்கம் இவங்களைப் பற்றி எழுதின வரலாறு. 1939இல் இந்திய வம்சாவளி நாட்கூலித் தொழிலாளர்களை அரசு வேலைகளிலிருந்து நிறுத்தினாங்க. 1948 சட்டம் பிரஜாவுரிமையைப் பறித்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரிச்சது. மலையகத்தைப் பற்றிப் பேசும்போது இதெல்லாம் வரும். கொழும்பு வடக்கிலும் அதே விண்ணப்பங்கள், அதே முத்திரைகள் இருப்பதை யாரும் பெரிதாகப் பேசுறதில்லை. அதுக்கு மேல் யுத்த காலத்துப் பொலிஸ் பதிவுத் துண்டுகள். 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜ்களிலிருந்து முன்னூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பினாங்க. மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அப்படி ஒரு காலத்தில் அந்தத் துண்டு பர்ஸில் இருந்தே ஆகணும்.

எனக்குப் பிரச்சினையாகப் படுவது இந்த இடம்தான். பேர், விலாசம், பிறந்த இடம் எல்லாம் உள்ள இந்தக் காகிதங்களை அப்படியே இணையத்தில் ஏற்றலாமா? 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. பட்டியல் என்பது இந்த நகரத்தில் சாதாரணச் சாமான் இல்லை. எல்லாம் எல்லாருக்கும் திறந்திருக்கணும் என்கிற இணையக் கொள்கை அச்சிட்ட புத்தகத்துக்குச் சரி, இதுக்குச் சரிவராது.

ஆஸ்திரேலியாவில் வாருமுங்கு பழங்குடி மக்களோடு சேர்ந்து உருவாக்கின முகுர்ட்டு என்கிற இலவச மென்பொருள் இருக்கு. எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அந்தச் சமூகமே தீர்மானிக்கும்: சிலது எல்லாருக்கும், சிலது குடும்பத்துக்கு மட்டும். அந்தச் சொல்லே பெறுமதியான பொருட்களைப் பாதுகாக்கும் ஒரு பையின் பேராம். நம்ம ஷொப்பிங் பேக் மாதிரி. மட்டக்குளிக்கும் அப்படித்தான் செய்யணும். பேரை மறைத்த பிரதி வெளியே இருக்கட்டும், முழுப் பிரதி குடும்பம் சம்மதிக்கும்வரை உள்ளே.

அவசரம் இருக்கு. நகர அபிவிருத்தி அதிகார சபை கொழும்பு வடக்குத் தோட்டங்களை உடைத்து ஆட்களைத் தொடர்மாடிகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கு. வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போறது பழைய காகிதம். தோட்டத்துப் பேரே இல்லாமல் போயிடும், பிறகு பத்திரத்தில் இருக்கிற விலாசம் எந்த இடம் என்று சொல்லவும் ஆள் இருக்காது. அதனால் ஸ்கேனருக்கு முன்னால் ஒரு கொப்பி வேணும்: இது யாரோடது, எந்தத் தோட்டம், பக்கத்து வீட்டில் யார் இருந்தாங்க. எழுதி முடிச்ச கையோட அசலை வீட்டிலேயே திருப்பிக் கொடுத்துடணும். எப்போ யார் கேட்பாங்களோ என்றுதானே அவங்க இவ்வளவு நாளும் வைச்சிருக்காங்க.